ஐஸ் கம்பெனியில் டயர் வாசனை

நம் இன்ஜின் சர்வீஸ் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. “சார், பழைய டயரிலிருந்து எடுக்கும் எண்ணெயை டீசல் இன்ஜினில் ஊற்றலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.” கேட்டவர் புதிதாகச் சேர்ந்தவர். ஓய்வு பெற்றவனிடம் ஒரே வார்த்தையில் பதில் எதிர்பார்ப்பவர் புதிதாகச் சேர்ந்தவராகத்தான் இருக்க முடியும்.

நான் “ம்” என்று போட்டேன். உடனே சிலர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எதைப் புரிந்துகொண்டு உயர்த்தினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர்களில் யாராவது என் பதிலை நம்பி எங்காவது ஒரு டேங்கில் எதையாவது ஊற்றிவிடப்போகிறார்களே என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்ததும் உங்களுக்கும் குழப்பமாக இருந்தால், விஷயம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டயர் எண்ணெயைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய டயர்களைக் காற்றுப் புகாத பெரிய இரும்புக் கொப்பரையில் அடைத்துச் சூடேற்றினால், அவை எரியாமல் ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் கறுப்பாக ஒரு எண்ணெய் வடியும். அதை இன்னொரு முறை காய்ச்சி வடித்தால் கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வரும். நன்றாக எரியும், டீசலோடு சமர்த்தாகக் கலக்கும். வாசனை மட்டும் என்ன செய்தாலும் விடாது. அரைத்த வெங்காயத்தை ரப்பர் செருப்பில் தடவி வெயிலில் காயப்போட்டால் கிட்டத்தட்ட அந்த வாசனை வரும். நான் செய்து பார்த்ததில்லை, ஆனாலும் நம்பலாம்.

எனக்கு இந்த எண்ணெயை அறிமுகப்படுத்தியவர் பஷீர் பாய். தண்டையார்பேட்டையில் பழைய டயர் வியாபாரம். புழலுக்கு அப்பால் யாரோ ஒருவர் கொப்பரை வைத்திருந்தார். பாய் டயரைக் கொடுத்து எண்ணெயாகத் திரும்ப வாங்குவார். அதுவரை அது கொதிகலன்களுக்கும் உலைகளுக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. இன்ஜினுக்குப் போனால் எண்ணெய்க்கு மரியாதை கூடும் என்று பாய் நினைத்தார். மரியாதை தேடி அவர் போன இடம், காசிமேட்டுத் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த ஸ்டெல்லாம்மாவின் ஐஸ் கம்பெனி.

ஸ்டெல்லாம்மா கணக்கு டீச்சராக இருந்தவர். அப்பா காலமானதும் கம்பெனியைக் கையில் எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர பள்ளிக்கூடம் அவரை விடவில்லை. எதைச் சொன்னாலும் “எப்படி வந்தது?” என்று கேட்பார். விடை சரியாக இருந்தாலும் வழிமுறைக்குத் தனி மதிப்பெண்.

அந்தக் கம்பெனியின் நிலைமை இது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நாளில் துறைமுகத்துப் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்கும். முந்தின வருஷம் சரியாக அந்த நாளில் கரண்ட் போய், அப்போதிருந்த பழைய ஜெனரேட்டரும் கைவிட்டு, படகுக்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இந்த வருஷமும் அப்படி ஆனால் அடுத்த வருஷம் கேட்கக்கூட ஆள் வராது. பக்கத்தில் கன்டெய்னர் அடுக்குகிற யார்டுக்காரர் அடிக்கடி மதில் மேல் கையை வைத்து நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். இடத்தை மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தார் என்பது எனக்கே தெரிந்தது. ஸ்டெல்லாம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா.

புது ஜெனரேட்டரின் டீசல் இன்ஜின் நம் பிரிவின் பராமரிப்பில் இருந்தது. பாய் எண்ணெயோடு வந்தபோது ஸ்டெல்லாம்மா என்னைக் கூப்பிட்டார். தடைக்காலத்தில் கம்பெனி கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். அந்தச் சமயத்தில் தினமும் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது என்று பேசி முடித்தோம். நாலு வாளி டீசலுக்கு ஒரு வாளி டயர் எண்ணெய். கலந்து ஊற்றுகிற பொறுப்பு ஆபரேட்டர் ஏழுமலையுடையது. அவர் வியாசர்பாடிக்காரர், எதிலும் முதல் ஆளாக ஆட்சேபம் சொல்பவர்.

“சார், இது கலீஜ் சார். மூடியத் தொறந்தாலே கொடலைப் புடுங்குது. கைய எத்தினி தபா கழுவினாலும் வூட்ல கிட்ட சேக்கமாட்றாங்கோ.”

“இதே வாசனைதான் ஏழுமலை, உங்க ஏரியாவுல ரோடு போடுறப்ப வருது. அப்ப ரோடு வந்துச்சின்னு சந்தோசப்பட்டியா இல்லியா?” என்றார் பாய்.

“ரோட்ட நான் டேங்கில ஊத்தலியே பாய்.”

சோதனை தொடங்கியது. நான் வாரத்துக்கு ஒருமுறை போய் நின்று பார்ப்பேன். புகை வழக்கத்தைவிடச் சற்றுக் கறுப்பு என்று எனக்குப் பட்டது. சத்தத்தில் லேசான கனம். ஸ்டெல்லாம்மா கண் எரிகிறது என்றார். பாய், இன்ஜின் முன்னைவிட இளமையாக ஓடுகிறது என்று சொல்லி அதன் மேல் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார். சூடாக இருந்ததால் உடனே எடுத்தார். ஏழுமலை தலைவலி என்று தைலம் தடவிக்கொண்டு நின்றார். அவரவர் தகுதிக்கு ஏற்றபடி ஆளுக்கொன்று கண்டுபிடித்தோம். கடைசியில் நான் கொஞ்சம் கம்பீரமாக, “ஐந்தில் ஒரு பங்கு தாங்குகிறது” என்று தீர்ப்புச் சொன்னேன்.

தடைக்காலம் முடிகிற நாள் வந்தது. அன்றைக்குக் காசிமேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலை, அரிசி, தண்ணீர், ஐஸ், டீசல் என்று எல்லாவற்றுக்கும் கூட்டம். துறைமுகத்து டீசல் பங்க்கில் படகுகளின் வரிசை, பக்கத்துப் பெட்ரோல் பங்க்குகளில் கேன்களின் வரிசை. ஜெனரேட்டர் டேங்க் காலியாகிக்கொண்டிருந்ததால் ஏழுமலை காலையிலேயே ஒரு டெம்போவைப் பிடித்து, டீசல் வாங்கத் திருவொற்றியூர் பக்கம் போயிருந்தார். பாய் ஒரு தட்டு பேரீச்சம்பழத்தோடு வந்திருந்தார். தன் எண்ணெய் வேலை செய்கிற விழாவுக்கு வந்தவர் போல வெள்ளைச் சட்டை. பராமரிப்பு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

மதியம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஒரு சத்தம் போட்டது. கரண்ட் போய்விட்டது.

ஐஸ் கம்பெனியில் தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகள், உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த உப்புத் தண்ணீரில் வரிசையாக நிற்கும். உப்புத் தண்ணீரைக் குளிராக வைத்திருப்பது கம்ப்ரசர். அது நின்றால் உப்புத் தண்ணீர் சூடேறத் தொடங்கும். அன்றைக்குப் பெட்டிகளில் ஓரமெல்லாம் உறைந்து நடுவில் இன்னும் தண்ணீர். அரைவேக்காட்டுக்கு எதிர்ப்பதம் எதுவோ அது.

ஜெனரேட்டரைப் போட வேண்டும். டேங்கில் கொஞ்சம்தான் டீசல், சாயங்காலம் வரை வராது. ஏழுமலையின் போன் எடுக்கவில்லை. அப்போது பின்பக்கத்திலிருந்து பாயின் குரல் கேட்டது.

“இன்ஜினியர் சார், இங்க வந்து பாரு. நான் இறக்கின டிரம்மு கிட்டத்தட்ட அப்படியே கீது. இத்தினி நாளு ஓட்டியும் கொறையல. எவ்ளோ சிக்கனமா ஓட்டிகினு கீறான் பாரு ஏழுமல.”

நானும் போய்ப் பார்த்தேன். டிரம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. படித்தவன் ஒருவனுக்கு அந்த இடத்தில் வேறு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது மகிழ்ச்சி.

“இருக்கிற டீசலோடு பாதிக்குப் பாதி ஊற்றி இப்போதைக்கு ஓட்டலாம். ஏழுமலை வந்ததும் டீசலைச் சேர்த்துச் சரிசெய்துவிடலாம்” என்றேன்.

ஸ்டெல்லாம்மா என்னைப் பார்த்தார். “நாம பார்த்தது அஞ்சில ஒண்ணு. இப்ப நீங்க சொல்றது ரெண்டில ஒண்ணு. ரெண்டும் ஒண்ணா சார்?”

“ஒன்று தாங்கியது என்றால் இன்னொன்று...”

“எப்படி வந்தது?”

நான் பதில் சொல்வதற்குள் பாய் ஊற்றி முடித்துவிட்டார்.

இன்ஜின் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. பாய் ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுத்தார். குழாய்களிலும் வடிகட்டியிலும் மிச்சமிருந்த டீசல் தீர்கிறவரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. பழக்கொட்டையை எங்கே போடுவது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது சத்தம் மாறியது. தகர டப்பாவுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். புகைபோக்கியிலிருந்து வெள்ளையாகப் புகை.

என் முதல் மேலதிகாரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: இன்ஜினில் சத்தம் மாறினால் முதலில் சுமையை இறக்கு, அப்புறம் யோசி. அந்த ஒரு வாக்கியத்தால் நான் காப்பாற்றிய இன்ஜின்கள் அநேகம். யோசிப்பதை ஒத்திப்போட அனுமதி கொடுக்கிற எந்த விதியும் எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

கம்ப்ரசரை இன்னும் இணைக்கவில்லை. விளக்குகளும் ஒரு சிறிய பம்பும்தான் ஓடிக்கொண்டிருந்தன. பம்பையும் நிறுத்தச் சொன்னேன். சத்தம் கூடியது.

“கம்ப்ரசரைப் போடட்டுமா சார்?” என்றார் ஸ்டெல்லாம்மா.

“இந்தச் சத்தம் போகிறவரைக்கும் கூடாது.”

சத்தம் போவதாக இல்லை. ஆயில் அழுத்தம் சரியாக இருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீரின் சூடு சரியாக இருந்தது. சொல்லப்போனால் குறைவாக இருந்தது. வால்வு இடைவெளியா, பேரிங்கா, பிஸ்டனிலேயே ஏதாவதா என்று என் மூளை ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு கதவை மட்டும் தட்டவில்லை. எண்ணெய் காரணமாக இருக்க முடியாது, ஏனென்றால் அந்த எண்ணெயில்தானே தடைக்காலம் முழுவதும் ஓட்டினோம்? அளவு கூடினால் புகை கூடலாம், கனம் கூடலாம். இப்படிக் கல்லைக் குலுக்குமா? தர்க்கம் பிசகில்லாமல் இருந்தது. பிசகில்லாத தர்க்கத்தை நம்பி நான் தவறான அறைகளிலேயே தேடினேன்.

ஸ்டெல்லாம்மா உப்புத் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்து, மார்க் வாசிப்பது போல ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்க் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் மூன்றுசக்கர வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கின. முதலில் நின்றவர் அந்தோணி, ஒரு விசைப்படகின் டிரைவர். முந்தின வருஷம் வேறு கம்பெனிக்குப் போனவர்களில் ஒருவர். இந்த வருஷம் ஸ்டெல்லாம்மாவே வீடு தேடிப் போய்ச் சொல்லி அழைத்து வந்திருந்தார்.

“இன்னாக்கா, போன வருசப் படமே மறுபடியும் ஓடுதா?” என்றார் அந்தோணி.

“நில்லுடா. ஐஸ் கீது. நேத்து எடுத்த பாளம் கொஞ்சம் உள்ள அடுக்கி வெச்சிருக்கேன்.”

“பாளத்த நான் இன்னா மாலையாவா போட்டுக்குவேன்? அரைச்சிக் குடு.”

யார் அனுமதியும் கேட்காமல் அந்தோணியே பாளங்களை இழுத்துவந்து ஐஸ் அரைக்கும் மெஷினில் தள்ளி சுவிட்சைப் போட்டார். அது நல்ல கனமான மோட்டார். நான் இன்ஜின் அறையிலிருந்து பதறி ஓடிவந்தேன்.

“யார் போட்டது? நிறுத்துங்க.”

நிறுத்தினார். அறைக்குத் திரும்பினால் அங்கே கூழாங்கல் சத்தம். ஒரு நிமிஷம் நின்றேன். ஓடிவந்தபோது காதில் விழுந்தது வேறு மாதிரி இல்லையா? வெளியே போய், “மறுபடி போடுங்க” என்றேன்.

“இன்னா சார் நீ. போடுன்றே, நிறுத்துன்றே. ஐஸ் ஒடைக்கிறது தப்பா?”

போட்டார். சத்தம் அடங்கியது. முழுக்கப் போகவில்லை, ஆனால் பாதியாவது குறைந்தது. நிறுத்தச் சொன்னேன். திரும்பி வந்தது. இப்படி இன்னும் இரண்டு முறை செய்யவைத்தேன். கடைசி முறை அந்தோணி சுவிட்சைப் போடும்போது என்னைப் பார்க்கவில்லை, என் பக்கத்தில் நின்ற பாயைப் பார்த்தார். “இவருக்கு ஒடம்பு ஏதும் சரியில்லியா?” என்று கண்ணாலேயே விசாரித்தார்.

சுமை தாங்காமல் நோகிற இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். சுமை இல்லாததால் நோகிற ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. பிற்பாடு ஓய்வு பெற்ற பிறகு அந்த நோய் எனக்கே வந்தது. அது வேறு கதை.

அப்போதுதான் ஏழுமலையின் போன் வந்தது. காலடிப்பேட்டை தாண்டி எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். போனிலும் ஹாரன்தான் முதலில் கேட்டது.

“சார், டீசல் கெடச்சிட்ச்சி. ஆனா வண்டி நவுற்ல. முன்னாடியும் ட்ரெய்லரு, பின்னாடியும் ட்ரெய்லரு. கரண்ட் கீதா?”

“இல்லை. டயர் எண்ணெயைப் பாதிக்குப் பாதி ஊற்றி ஓட்டுகிறோம். இன்ஜின் தட்டுகிறது.”

“எந்த எண்ண சார்?”

“பின்பக்க டிரம்மில் இருந்தது.”

“ஐயோ சார்.”

“என்ன?”

“சார், கோச்சிக்காத. அத நான் ஊத்தவே இல்ல சார்.”

“எதை?”

“டயரு எண்ணய. ஒரு நாளு கூட ஊத்தல. வெறும் டீசல்தான் போட்டு ஓட்டினேன். நீ வர்றப்ப மட்டும் டிரம்மு மூடிய தொறந்து பக்கத்துல வெச்சிடுவேன், வாசன வரட்டும்னு.”

ஏன் என்று கேட்பதற்குள் அவரே மேலே சொன்னார்.

“இஞ்சினு பூட்ச்சின்னா யாரப் புடிப்பாங்கோ சார்? உன்னியா? பாயையா? ஆபரேட்டர் இன்னா பண்ணான்னுதான் கேப்பாங்கோ. எனக்கு இந்த வேலைய வுட்டா வேற இல்ல. சொன்னா நீங்கோ மூணு பேரும் சேந்து அமுக்குவீங்கோ. அதான்.”

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. பிறகு நேரம் கிடைத்தபோது காரணம் கிடைக்கவில்லை. அவர் சொன்னது சரி. அந்த மாதிரி சமயங்களில் நாம் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறோம்.

போனை வைத்தபோது என் தலைக்குள் எல்லாம் தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் பார்த்த கறுப்புப் புகை, கேட்ட கனம், ஸ்டெல்லாம்மாவின் கண் எரிச்சல், பாயின் இளமை, எல்லாமே வெறும் டீசல். டயர் எண்ணெய் அந்த இன்ஜினுக்குள் போவது அன்றைக்குத்தான் முதல் தடவை, அதுவும் பாதிக்குப் பாதி. அப்படியானால் தட்டுவதற்குக் காரணம் எண்ணெயேதான். இதை நான் எப்போதோ படித்திருந்தேன். நிறையப் படிப்பவனின் தொல்லை, தேவைப்படும் பக்கம் மட்டும் கடைசியில் திறக்கும். டயர் எண்ணெய் தீப்பிடிப்பதில் சோம்பேறி. இன்ஜின் சுமையில்லாமல் ஓடும்போது உள்ளே சூடு போதாது. எண்ணெய் பற்றாமல் காத்திருந்து காத்திருந்து, சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். அதுதான் கூழாங்கல் சத்தம். சுமை ஏற்றினால் உள்ளே சூடேறும், எண்ணெய் காத்திருக்காமல் பற்றும், சத்தம் அடங்கும். நான் இவ்வளவு நேரமும் நோயாளியின் மருந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நோய் ஏன் தீரவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இது ஏழுமலை சொன்னது உண்மையாக இருந்தால்தான். தடைக்காலம் முழுவதும் பொய்யாக நடித்தவர் இப்போது போனில் சொல்வதை நம்ப வேண்டும். ஒருவேளை அவர் பயத்தில் புதிதாக எதையாவது சொல்கிறார் என்றால், உள்ளே வேறு ஏதோ உடைந்திருக்கிறது. அந்த நிலையில் கம்ப்ரசரை ஏற்றினால் இன்ஜின் அதோடு சரி. பின்பக்கம் போய் டிரம்மின் முன்னால் நின்றேன். இத்தனை நாள் ஓட்டியும் இன்று மதியம் வரை குறையாத டிரம். சற்றுமுன் என்னை மகிழவைத்த அதே டிரம்தான் இப்போது ஏழுமலைக்குச் சாட்சி.

ஸ்டெல்லாம்மாவிடம் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார்.

“போட்டா உடையுமா?”

“உடையாது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் மட்டும்தான். உடைந்தால் இன்ஜின் போகும். போடாவிட்டால் ஐஸ் போகும்.”

அவர் மதில் பக்கம் ஒருமுறை பார்த்தார். “யார்டுக்காரனுக்கு இன்ஜின் வேணாம் சார், இடம்தான் வேணும். போடுங்க.”

கம்ப்ரசரை ஏற்றினோம். இன்ஜின் ஒரு முனகல் முனகி, வேகம் சரிந்து, மறுபடி எழுந்தது. வெள்ளைப் புகை சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகி, பிறகு மெலிந்தது. கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக யாரோ எடுத்துவிட்டது போலச் சத்தம் அடங்கியது. நான் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் எதிர்பார்த்ததுதான் என்ற மாதிரி நின்றேன். பழக்கொட்டை இன்னும் கைக்குள்ளேயே இருந்தது.

அதோடு முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் மூச்சுத் திணறியது. வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே வெல்லப்பாகு மாதிரி கறுப்பாக அப்பியிருந்தது.

“பார்த்தீங்களா பாய், உங்க எண்ணெயோட அழுக்கை” என்றார் ஸ்டெல்லாம்மா.

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. “ஸ்டெல்லாம்மா, என் எண்ண வடிச்ச எண்ண. இது உன் டேங்குல இத்தினி வருசமா ஒட்டிகினு இருந்த அழுக்கு. என் எண்ண அதக் கரைச்சி வெளிய கொண்டாந்துகீது. வூட்டப் பெருக்கினவன் மேலயே குப்பைன்னு பழி போட்றியே.”

அவர் சொன்னதுதான் சரி. பழைய ஜெனரேட்டரின் டேங்கைத்தான் புதுசுக்கும் வைத்திருந்தார்கள். ஆனால் அன்றைக்கு யார் சொல்வதையும் நம்புகிற நிலையில் யாரும் இல்லை. இரண்டு வடிகட்டிகள் இருந்தன. ஒன்றில் ஓட்டி இன்னொன்றைக் கழுவுவது என்று சாயங்காலம் வரை மாற்றி மாற்றிச் செய்தோம். கழுவியது பாய். வெள்ளைச் சட்டையோடு. தன் எண்ணெயின் மானம் அந்த வடிகட்டியில் இருக்கிறது என்பது போலக் கழுவினார். நடுவில் ஒரு ரப்பர் குழாய் ஊறி உப்பிக் கசியத் தொடங்கியது. ரப்பரிலிருந்து பிறந்த எண்ணெய்க்கு ரப்பரைக் கண்டால் அப்படியொரு பாசம், கட்டிப்பிடித்து இளக்கிவிடும். அதை ஒரு துணியால் இறுக்கிக் கட்டி, கீழே வாளி வைத்தோம்.

பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் வந்தது. அதே சமயத்தில் வாசலில் டெம்போவும் வந்தது. ஏழுமலை டீசல் கேனோடு உள்ளே நுழைந்து எங்கள் மூவரின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“எறக்கட்டுமா, வாணாமா?” என்றார்.

“இறக்கு” என்றார் ஸ்டெல்லாம்மா. பிறகு, “ஏழுமலை, ஒண்ணு மட்டும் சொல்லு. நீ ஊத்தவே இல்லைன்னா எனக்கு எதுக்குக் கண்ணு எரிஞ்சுது?”

“எனக்கு மட்டும் தலவலி நெசமா வந்துச்சேம்மா. டிரம்மு மூடிய அவ்ளோ நேரம் தொறந்து வெச்சா வராதா?”

என்னைக் கேட்டால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதிலிருந்து சொல்ல இருப்பது சின்ன விஷயம். இன்ஜினின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் டேங்கின் அடிக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் எனக்கு வாசனையே போதுமாக இருந்தது. இன்னொன்று, ஒரு சோதனையை ஒருவர் தலையில் கட்டும்போது, கெட்டால் அவர் தலை உருளாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உங்களுக்கு வெறும் டீசலைத்தான் கொடுப்பார்கள். நீங்களும் அதில் புகையைப் பார்ப்பீர்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை. ஊற்றலாமா, கூடாதா? அன்றைக்கு அந்த எண்ணெய்தான் ஐஸைக் காப்பாற்றியது. அதுவே இன்ஜினைத் தட்டவும் வைத்தது, குழாயைத் தின்றது, டேங்கைச் சுத்தம் செய்தது. பிறகு இன்ஜினைப் பிரித்துப் பார்த்தபோது எண்ணெயைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் முனைகளில் கரி கட்டியிருந்தது, மற்றபடி சேதமில்லை. வடித்த எண்ணெயா, எவ்வளவு பங்கு, என்ன சுமை, எந்த ரப்பர், அந்தப் புகையை வெளியே விடுவதற்கு அந்த இடத்தில் அனுமதி உண்டா, பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் தெரியாமல் என்னால் “ம்” என்றுதான் சொல்ல முடியும்.

அன்றைய கதையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பெட்டிகளிலிருந்து பாளங்கள் கண்ணாடி போல வந்தன. அரைத்த ஐஸ் மூன்றுசக்கர வண்டியில் குவிந்தது. அந்தோணி ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, டயரு நாத்தம் அடிக்குதே. மீனு பூரா அடிக்கும். எவன் வாங்குவான்?”

கூட்டத்தில் ஒரு அசைவு. ஒருவர் வண்டியைத் திருப்பத் தொடங்கினார். மதியத்திலிருந்து நாங்கள் காப்பாற்றிய ஐஸ் ஒரு மூக்கில் போய்விடும் போல இருந்தது. பாய் கறுத்துப்போன தன் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்டெல்லாம்மா அந்தோணியின் மணிக்கட்டைப் பிடித்தார். “கையில கீற ஐஸைக் கீழ போடு. இப்ப மோந்து பாரு, வெறும் கைய.”

அந்தோணி மோந்தார். மற்றக் கையையும் மோந்தார்.

“காலைல இருந்து எத்தினி தபா படகுல ஏறி எறங்கின? உன் படகச் சுத்தி மாலை மாதிரி தொங்குதே, அது இன்னா, ரோஜாப்பூவா? ஒவ்வொரு தபாவும் அந்த டயரப் புடிச்சிதானே ஏர்றே?”

பின்னால் யாரோ சிரித்தார். படகு கரையில் இடிக்காமல் இருக்கப் பழைய டயர் கட்டாத படகு காசிமேட்டில் ஏது. வண்டியைத் திருப்பியவர்கூடத் தன் கையைத் திருட்டுத்தனமாக மோந்து பார்த்தார். அந்தோணி லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, “சரி வுடு, நெரப்பு” என்றார். அவர் வண்டி நகர்ந்ததும் அடுத்தது வந்தது. அதற்குப் பிறகு வரிசை நிற்கவே இல்லை.

கடைசி வண்டியும் போன பிறகு ஏழுமலை எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். பாயின் டம்ளரை அவரே தனியாக எடுத்துப்போய்க் கொடுத்தார். மெஷினுக்குக் கீழே ஐஸ் சில்லுகள் கொஞ்சம் சிதறிக் கிடந்தன. ஸ்டெல்லாம்மா சுத்தமான ஒன்றைப் பொறுக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“யாரும் இல்ல சார். உண்மையைச் சொல்லுங்க. வருதா?”

மோந்தேன். வந்தது. கையிலிருந்த டீயை மோந்து பார்த்தேன். என் தோள்பட்டையை மோந்து பார்த்தேன்.

“வருது. டீயிலயும் வருது. என் மேலயும் வருது.”

“அப்ப ஐஸ்ல இல்ல” என்று சொல்லி அதை வாயில் போட்டுக் கடித்தார். முகம் சுளிக்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மென்றுகொண்டே இருந்தார்.